படுத்துக்கொண்டு போகிற வண்டி

விழுப்புரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு வண்டி நிற்கிறது. முன்னால் பார்த்தால் மினி லாரி, பின்னால் பார்த்தால் கதவும் ஜன்னலும் வைத்த சின்ன அறை. தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். சினிமாக்காரங்க வண்டியா என்று ஒருத்தி கேட்டாள். ரத்தம் எடுக்கிற வண்டியா என்று இன்னொருத்தர் கேட்டார். கெடார் கிராமத்தில் என் பங்குக்கு வந்த, வேர்க்கடலை போடுகிற அரைக்காணி மல்லாட்டைக் கொல்லையை விற்று நான் வாங்கிய வண்டி அது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் எங்கேயும் போனதில்லை.

என் வீட்டுக்காரர் முப்பத்தேழு வருஷம் லாரி ஓட்டினார். நாசிக் வெங்காயம், நாக்பூர் ஆரஞ்சு, ராஜஸ்தான் மார்பிள் என்று அவர் ஏற்றி இறக்காத சரக்கு கிடையாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போயின. காது கேட்கும், சொல்வதெல்லாம் புரியும், ஆமாம் இல்லை என்று தலையாட்டுவார். வாயைத் திறந்தால் மட்டும் ஒரு முனகல்தான் வரும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "ஆமா, இல்லைன்னு தலையாட்டுற மாதிரி சின்னச் சின்னதா கேளுங்கம்மா. ஆனா அவரு சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடாதீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் சத்துணவு அமைப்பாளராக முப்பது வருஷம் வேலை பார்த்தவள். நூற்றைம்பது பிள்ளைகளில் எவன் முட்டையை ரெண்டாவது தரம் வாங்க வருகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். கட்டினவர் மனசில் இருப்பது எனக்குத் தெரியாதா? அவர் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால் தம்ளரை நீட்டுவேன். ஜன்னலைப் பார்த்தால் திறந்துவிடுவேன். பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம், "அவரு வாயி இப்ப நான்தான்" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டு கேட்டிலிருந்து பார்த்தால் பைபாஸ் தெரியும். சாயங்காலத்தில் சக்கர நாற்காலியை அங்கே தள்ளிக்கொண்டு போய் விடுவேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் மொத்தமாகத் தேங்கி, அப்புறம் மொத்தமாக அவிழ்த்துவிட்டதுபோல் லாரிகள் வரும். பார்த்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். முதலில் தூசி என்று நினைத்தேன். பத்து நாள் தொடர்ந்து பார்த்தபிறகுதான் அழுகிறார் என்று புரிந்தது. "இன்னாங்க, ரோட்டுக்குப் போவணும்போல கீதுங்களா?" என்று கேட்டேன். அவர் இன்னும் அழுதார். நான் அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். சாவதற்குள் இந்த மனிதரை இன்னொரு தரம் ரோட்டில் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு அதைவிடப் பெரிய வேலை அந்த நாட்களில் வேறு எதுவும் இல்லை.

ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்தால் அவருக்கு இடுப்புக்குக் கீழே புண் வந்துவிடும். தூரப் பயணத்துக்குக் காரும் பஸ்ஸும் உதவாது. படுத்துக்கொண்டே போகிற வண்டி வேண்டும், உள்ளேயே கக்கூஸ் வேண்டும், நான் கஞ்சி வைக்க ஓர் அடுப்பு வேண்டும். ஓசூரில் வேலை பார்க்கிற மகனிடம் போனில் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்புறம், "ம்மா, இத அப்பா கேட்டாராமா?" என்றான். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்குச் செலவு கண்ணுக்குத் தெரிகிறது, அப்பன் கண்ணீர் தெரியவில்லை என்று ரெண்டு நாள் புலம்பினேன்.

முதலில் பார்த்தது ஒரு பழைய ஆம்புலன்ஸ். விழுப்புரத்திலேயே ஒரு ஷெட்டில் நின்றது. படுக்கை இருக்கிறது, ஆக்ஸிஜன் வைக்கிற இடம்கூட இருக்கிறது, விலையும் சல்லிசு. ஆனால் கதவைத் திறந்ததும் எத்தனை பேர் இதில் போய்த் திரும்பி வராமல் இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. "சைரன் கழட்டிட்டு பெயின்ட் அடிச்சிட்டா டூரிஸ்ட் வண்டிம்மா" என்றான் விற்கிறவன். உன் அப்பனை ஏற்றிக்கொண்டு டூர் போடா என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது வண்டி விக்கிரவாண்டியில், ஒரு சாலையோர ஓட்டலுக்குப் பின்னால் நின்றது. டிபன் விற்ற வண்டி. உள்ளே கூரையில் எண்ணெய் பிசுக்கு, விரலை வைத்தால் ஒட்டியது. புகைபோக்கிக்குப் போட்ட ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. இந்த இரண்டு வண்டிக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "வண்டி பாக்கப் போலாமா?" என்று கேட்டதும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுத்தான் கிளம்பினார். நாற்காலியில் இருந்தபடியே டயரைப் பார்த்தார். கண்ணாலேயே போனட்டைத் திறக்கச் சொன்னார், திறந்து காட்டியதும் எட்டிப் பார்த்தார். இடது கையால் மட்கார்டில் துருவைச் சுரண்டி எனக்குக் காட்டினார். அன்றைக்கெல்லாம் வழக்கத்தைவிட ஒரு இட்லி அதிகமாகச் சாப்பிட்டார். நான் செய்வது சரிதான் என்பதற்கு அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மூன்றாவது வண்டிதான் திண்டிவனத்தில் இருந்தது. புதுச்சேரி ரோட்டில் ஒரு பழைய வண்டி யார்டு. யாரோ பெங்களூருத் தம்பதி ஆசை ஆசையாகக் கட்டி, ஒரு வருஷம் சுற்றி, அலுத்துப்போய் புதுச்சேரியிலேயே விற்றுவிட்டுப் போனார்களாம். கதவைத் திறந்து பார்த்தேன். பின்பக்கம் ஆள் நீட்டிப் படுக்கிற மெத்தை. தலைமாட்டில் ஜன்னல், கால்மாட்டில் ஜன்னல். ஒரு ஆள் நிற்கிற கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி, மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற மேஜை, ரெண்டு அடுப்பு, கூரையில் காற்றாடி. மெத்தைக்கு எதிரே இன்னொரு சின்ன இருக்கை. அது எனக்கு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நான் அதில் உட்கார்ந்துகூடப் பார்த்தேன்.

"எஃப்.சி. சர்ட்டிபிகேட்டு இன்னும் ஒரு வருஷம் கீதும்மா. பேப்பர் எல்லாம் கிளியரு. இந்த மாரி வண்டி இந்த ஏரியாவுலயே கெடையாது. ரெண்டு பேரு கேட்டுக்கினு கீறாங்க, ஜல்தி சொல்லிடுங்க" என்றார் புரோக்கர். எல்லாப் புரோக்கருக்கும் அந்த ரெண்டு பேர் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். லாரிக்காரர்களுக்கு வண்டியின் பாடியைத் தட்டுவது ஒரு பேச்சு. பின்னால் நிற்கிற கிளீனர் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டு தட்டினால் ரைட், போகலாம். எங்கள் தெரு குறுகல். டிரிப் முடிந்து அவர் காலி லாரியோடு வருகிறபோது, கிளீனர் வழியிலேயே இறங்கிப் போயிருப்பார். மனையில் லாரியை ரிவர்ஸ் எடுக்க நான்தான் பின்னால் நின்று தட்டுவேன். சம்பளமில்லாத கிளீனர் என்று தெருவே என்னைக் கிண்டல் செய்யும். ஆகவே அந்தப் பேச்சு எனக்கு அத்துப்படி.

திண்டிவனம் யார்டில் அவருடைய நாற்காலியை வண்டியின் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தேன். நான் புரோக்கரிடம் திரைச்சீலைகளையும் சேர்த்துத் தருவாரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். டம் என்று ஒரு சத்தம். திரும்பினேன். அவர் இடது உள்ளங்கையைத் தகரத்தில் வைத்திருந்தார். முகம் சிவந்திருந்தது. "இருங்க வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி புரோக்கர் பக்கம் திரும்பினேன். மறுபடியும் டம்.

ரெண்டு தட்டு.

"பாத்தீங்களா! எங்க வீட்டுக்காரரு ரைட் குடுத்துட்டாரு!" என்று கத்தினேன். புரோக்கர் சிரித்தார். பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வாயைத் திறந்து ஏதோ முனகினார், கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நான் அங்கிருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, அப்போதே அட்வான்ஸ் கொடுத்தேன். தலையாட்டத் தெரிந்த மனிதர், கேட்டால் பதில் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கெடார் நிலத்தை என் தம்பியே வாங்கிக்கொண்டான். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, "அக்கா, ஒரு தபா யோசிச்சிக்கோ" என்றான். அது மாமாவுக்கான செலவு, என்னுடையது இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

வண்டியை ஓட்டிக்கொண்டு வர அன்றைக்கு மட்டும் கூலிக்கு வருகிற ஓர் ஆக்டிங் டிரைவரை ஏற்பாடு செய்து, வீட்டுக்காரரையும் வாடகைக் காரில் திண்டிவனத்துக்குக் கூட்டிப் போனேன். வரும்போது அந்த மெத்தையில் படுத்துக்கொண்டே வரட்டும் என்று புது விரிப்பெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். படிக்கட்டில் ரெண்டு பேர் தூக்கும்போது, வேலை செய்கிற இடது காலைக் கதவு நிலையில் முட்டுக்கொடுத்து விறைத்துக்கொண்டார். பயப்படுகிறார் என்றேன். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசிப் பார்த்தேன். காலை எடுக்கவே இல்லை. கடைசியில் போன காரிலேயே அவரைக் கூட்டிவந்தேன். பின்னால் அந்த வண்டி காலியாக, புது விரிப்போடு வந்தது.

மனையில் நிறுத்தியபிறகும் அதே கதைதான். நாற்காலியை வண்டிப் பக்கம் தள்ளினால் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. என் முகத்தையே பார்ப்பார், நான் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். பதினைந்து நாள் பொறுத்தேன். அப்புறம் வண்டியில்தான் ஏதோ கோளாறு, கைதேர்ந்த டிரைவர் கண்ணில் பட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று விக்கிரவாண்டியில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக்கை வரச் சொன்னேன். என் வீட்டுக்காரரோடு இருபது வருஷமாகப் பழகியவர். அவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார்.

"அண்ணன் பாத்தப்புறம்தான வாங்குனீங்க?"

"பாத்தாரு. ரைட்டுகூட குடுத்தாரு."

"எப்படி குடுத்தாரு?"

தட்டிக் காட்டினேன். டம். "இருங்க வர்றேன்" என்று நான் சொன்னது, புரோக்கர் பக்கம் திரும்பியது, அவ்வளவு நேரமும் ஞாபகத்துக்கு வந்தது. அதே இடைவெளி விட்டு இரண்டாவது தட்டைத் தட்டினேன், டம்.

மெக்கானிக் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "அண்ணி, ரைட்டுன்னா ரெண்டும் சேந்து உழும். உங்களுக்கே தெரியும். இது ஸ்டாப்பு. நீங்க நிக்கலன்னு இன்னொரு தபா ஸ்டாப்பு குடுத்துருக்காரு."

நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். கூசிப்போனேன். வண்டியில் என்ன குறை என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று மெக்கானிக்கிடம் கெஞ்சினேன்.

மெக்கானிக் அன்று முழுக்க வண்டிக்கு அடியில்தான் கிடந்தார். சேசிஸைத் தட்டிப் பார்த்தார், ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தார், கியர்பாக்ஸ், பிரேக், வயரிங், கூரையில் மழைத்தண்ணீர் இறங்குகிறதா என்பதுவரை பார்த்தார். பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். நான் வாசலுக்கும் மனைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஏதாவது ஒரு கோளாறு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கின வண்டியில் கோளாறு இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வண்டி கல்லு மாரி கீது அண்ணி. நானே வாங்கியிருப்பேன். இதுல இன்னா பேஜாருன்னு அண்ணன் நிறுத்தச் சொன்னாரோ, எனக்குத் தெரியல." டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

விளக்கேற்றிவிட்டு வீட்டுக்காரருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னபடி, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"இன்ஜின்ல கோளாறா?" இல்லை.

"வெலை ஜாஸ்தின்னு நெனச்சீங்களா?" இல்லை.

"மெத்தை சரியில்லையா?" இல்லை.

"வண்டி நல்ல வண்டிதானா?" ஆமாம் என்று தலையாட்டினார், அதில் சந்தேகமே இல்லை.

அடுத்துக் கேட்க ஒன்றுதான் பாக்கி இருந்தது. கேட்காமலே எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"போக வேணாமா?"

ஆமாம்.

"எங்கயுமேவா?"

ஆமாம். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு தரம்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து என்மேல் விழுந்தது. டிரிப் முடித்து வந்தால் ரெண்டு நாள் வாசற்படி தாண்டமாட்டார். மயிலம் கோயிலுக்காவது கூட்டிப்போங்கள் என்று நச்சரிப்பேன். "கம்முனு வீட்ல இருக்க உடேன்" என்பார். மற்ற வண்டிகளைச் சந்தோஷமாகப் பார்த்தாரே, அது வண்டியைப் பார்க்கிற சந்தோஷம் மட்டும்தான். ஒரு தரமாவது லாரியில் கூட்டிப்போங்கள் என்று முப்பத்தேழு வருஷமும் கேட்டவள் நான். நாக்பூரில் ஆரஞ்சு மரத்தடியில் நிற்க வேண்டும், மலைப்பாதையில் விடியற்காலை மேகம் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்ன ஊர்களையெல்லாம் மனசில் அடுக்கி வைத்திருந்தவள் நான். வாங்கும் முன்னால் உட்கார்ந்து பார்த்ததுகூட எனக்கான இருக்கையில்தான். ஆசை என்னுடையது. பேச முடியாதவர் வாயில் அதை வைத்து, அவர் கேட்டதாக ஊரெல்லாம் சொல்லி, நிலத்தையும் விற்றுவிட்டேன்.

அவர்மேல் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வெட்கம். அப்புறம் அழுகை. அவர் இடது கையை நீட்டி என் முழங்காலில் வைத்தார். சமாதானமா, மன்னிப்பா, பசிக்கிறது என்கிறாரா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக நினைத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.

"அப்ப லாரிய பாத்து பாத்து ஏன் அழுவுறீங்க?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முனகல் வந்தது, அதற்குமேல் வரவில்லை. அது தலையாட்டிச் சொல்கிற பதில் இல்லை. ஆகவே நான் அதைச் சின்னச் சின்னதாக உடைத்தேன்.

"இந்தக் கையால இன்னமே ஓட்ட முடியாதேன்னா?" இல்லை.

"கூட ஓட்டுனவங்க நெனப்பா?" இல்லை.

"வழியில ஏதாச்சும் நடந்துச்சா? ஆக்சிடென்ட்டு எதாச்சும், எங்கிட்ட சொல்லாதது?" கொஞ்சம் யோசித்தார். இல்லை.

"என்னால எதாச்சுமா?" இல்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்ததைக் கேட்பேன் என்று, சரியான கேள்வி வந்துவிடும் என்று, தலையாட்டத் தயாராகக் காத்திருந்தார். நான் யோசித்தேன். எவ்வளவோ யோசித்தேன். நாற்பது வருஷமாகக் கூட வாழ்கிற அந்த மனிதரிடம் கேட்க அதற்குமேல் ஒரு கேள்விகூட எனக்குத் தெரியவில்லை.